அட்டமிக்கு ஆறு மணி: கொங்கண் கரையோரம் ஐந்து நாள்

எங்கள் வீட்டு அடுப்படியில் தொங்கும் தினசரி காலண்டரில் ராகுகாலத்துக்குக் கீழே நான் எதையும் படித்ததில்லை. திதி, நட்சத்திரம் எல்லாம் அம்மாவின் பாடு. இந்த மாசியில் மும்பை செம்பூரிலிருந்து ரத்னகிரி பக்கத்துக் கணபதிபுளே வரை காரில் போய்த் திரும்பிய பிறகு, பயணம் என்று பேச்சு எடுத்தாலே முதலில் திதியைத்தான் பார்க்கிறேன். காரணத்தைச் சொல்கிறேன்.

நாங்கள் நாலு பேர். நான், மனைவி, ஏழாவது படிக்கும் பையன், அம்மா. அம்மா திருச்செந்தூர் பக்கம் கடலோரத்தில் பிறந்து வளர்ந்து, கல்யாணமாகி மும்பைக்கு வந்தவர். நாற்பது வருஷமாக இங்கே இருந்தும், அவர் பார்த்த மும்பைக் கடல் தாதரும் ஜுஹுவும்தான். "இங்க ஒரு நல்ல கடல காட்டுயா" என்று ரொம்ப நாளாகக் கேட்டுக்கொண்டிருந்தார்.

மும்பைக்குத் தெற்கே கொங்கண் கரைக்குப் போக இரண்டு வழி. ஒன்று பன்வேலிலிருந்து மகாட், சிப்ளூண் வழியாக இறங்கும் தேசிய நெடுஞ்சாலை 66. அது மலைக்கும் கடலுக்கும் நடுவில் போகும். கடல் கண்ணில் படாது. இன்னொன்று அலிபாக், முருட், ஸ்ரீவர்தன், தாபோலி, குஹாகர் என்று கரையை ஒட்டியே போவது. சஹ்யாத்ரியிலிருந்து, அதாவது மேற்குத் தொடர்ச்சி மலையிலிருந்து, இறங்கும் ஒவ்வொரு ஆறும் கடலில் சேரும் இடத்தில் சாலை அறுந்து நிற்கும். அங்கே காரை ஃபெரியில் ஏற்றி அக்கரை போக வேண்டும். எங்கள் வழியில் அப்படி நாலு இடம்: அகர்தண்டா–திகி, பாக்மண்டலா–வேஷ்வி, தாபோல்–தோபாவே, தவ்சால்–ஜய்கட். போவது கடலோரம், திரும்புவது மலை வழி என்று முடிவு செய்தோம்.

புதன்கிழமை காலை ஐந்து மணிக்குக் கிளம்பினோம். செம்பூரிலிருந்து வாஷி, பன்வேல் வழிதான் எங்களுக்குச் சரி. சிவ்ரி, பரேல் பக்கம் இருப்பவர்களுக்கு 2024 ஜனவரியில் திறந்த அடல் சேது வசதி. கிட்டத்தட்ட 22 கிலோமீட்டர் பாலம், பன்வேல் நெரிசலைத் தொடாமலே அக்கரைக்குக் கொண்டுபோய் விடும். எப்படிப் போனாலும் ஆறரைக்குள் பேண் தாண்டிவிட வேண்டும். அதற்கப்புறம் லாரிகளோடு ஊர வேண்டியதுதான்.

ரேவ்தண்டா பாலத்தைக் கடந்ததும் சாலை மாறிவிடும். ஒரு பக்கம் குன்று, மறு பக்கம் கடல், நடுவில் ஒரு காரும் ஒரு பஸ்ஸும் மூச்சுப் பிடித்து ஒதுங்கும் அளவுக்கு வழி. கோர்லாய் கோட்டை, காஷித், முருட். ராஜாபுரியில் ஜஞ்சிரா கோட்டைக்குப் படகு ஏறினோம். ஆப்பிரிக்க வம்சாவளி சித்திகள் ஆண்ட கோட்டை, மராட்டியர்கள் எவ்வளவு முயன்றும் பிடிபடாதது. பக்கத்தில் போகும் வரை வாசல் எங்கே இருக்கிறது என்றே தெரியாது. படகு ஆடிக்கொண்டிருக்கும்போதே பாசி படிந்த படியில் கால் வைக்க வேண்டும். முட்டிவலி உள்ளவர்களைக் கூட்டிப் போகாதீர்கள். அம்மா கரையிலேயே இருந்துவிட்டார்.

அகர்தண்டா ஃபெரியில்தான் இந்தப் பயணத்தின் பாடம் தொடங்கியது. பிற்பகல் மூன்று மணி. காரை ஏற்றி, கியரில் போட்டு, ஹேண்ட்பிரேக் இழுத்துவிட்டு எல்லோரும் இறங்கிக் கம்பி ஓரம் நின்றோம். கயிறு கட்டும் வயதான ஒருவர், அம்மா தண்ணீரையே உற்றுப் பார்ப்பதைக் கண்டு பேச்சுக் கொடுத்தார். தண்ணீர் இன்னும் ஏறுமா என்று அம்மா தனக்குத் தெரிந்த மராத்தியில் கேட்டார். "இன்னிக்கு சஷ்டி. நாலரை வரைக்கும் ஏறும்" என்றார் அவர். எப்படி இவ்வளவு நிச்சயமாகச் சொல்கிறீர்கள் என்று நான் கேட்டேன். திதியில் முக்கால் பங்கு எடுத்தால் பர்தி நேரம் வந்துவிடும் என்றார். பர்தி என்றால் ஏற்றம், ஓஹோட்டி என்றால் வற்றம்.

சஷ்டி ஆறாவது திதி. ஆறில் முக்கால் நாலரை. அன்றைக்கு அதிகாலை நாலரைக்கும் மாலை நாலரைக்கும் கடல் நிறைந்திருக்கும். அதிலிருந்து ஆறு மணி நேரம், கொஞ்சம் கூடக் குறைய, தள்ளினால் வற்றம். ஏற்றம் ஒவ்வொரு நாளும் முக்கால் மணி, ஐம்பது நிமிஷம் பிந்துகிறது. ஒரு திதி கூடினால் முக்கால் மணி கூடுவதும் அதனால்தான். அமாவாசை, பௌர்ணமிக்குப் பதினைந்து என்று வைத்தால் பதினொன்றேகால். மும்பையில் மழைக்காலத்து அமாவாசைகளில் நடுப்பகலில் கடல் பொங்கி, பேப்பரில் நாலரை மீட்டருக்கு மேல் அலை என்று போடுவார்களே, அந்தக் கணக்கும் இதோடு ஒத்துப் போகிறது. நிமிஷக் கணக்கு வேண்டுமென்றால் கடல் ஏற்ற-வற்ற அட்டவணையைப் பாருங்கள். ஆனால் சிக்னல் இல்லாத இடத்தில் இந்த முக்கால் கணக்கு கைகொடுக்கும்.

அம்மாவுக்கு இது புதுசு. திருச்செந்தூர்ப் பக்கம் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் ஒரு மீட்டர் வித்தியாசம்கூட இருக்காது. அன்று மாலை திவேஆகரில் நாங்கள் இறங்கியபோது சவுக்குத் தோப்பு ஓரம் வரை தண்ணீர் இருந்தது. மறுநாள் காலை எட்டு மணிக்கு அம்மா வாசலில் நின்று கூப்பிட்டார்: "எய்யா, கடல் எங்க போச்சு?" எங்கோ தள்ளி வெள்ளைக் கோடாக அலை தெரிந்தது. நடுவில் ஈர மணல், கண்ணாடி மாதிரி. அதில் அம்மா செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு நடந்து போனதைப் பார்த்தபோதே எனக்கு வந்த காரியம் முடிந்த மாதிரி இருந்தது.

திவேஆகரிலிருந்து ஆராவி, ஷேகாடி வழியாக ஸ்ரீவர்தன் போகும் சாலையைத் தவற விடாதீர்கள். அலைக்கும் டயருக்கும் நடுவில் ஒரு தடுப்புச் சுவர்தான். போனில் வேகமான வழி என்று கேட்டால் உள்வழி காட்டும். ஷேகாடி என்று நடுவில் ஒரு ஊரைச் சேர்த்துப் போட வேண்டும். ஃபெரிக்கும் இதே கதைதான். வரைபடத்தில் 'ஃபெரி தவிர்க்கவும்' என்று இருந்தால், தாபோலிலிருந்து கண்ணெதிரே தெரியும் தோபாவேக்கு சிப்ளூண் சுற்றி நூறு கிலோமீட்டருக்கு மேல் வழி சொல்லும்.

வியாழன் சப்தமி. ஏற்றம் ஐந்தேகால், வற்றம் பதினொன்றரை வாக்கில். ஹரிஹரேஷ்வர் கோயிலை அந்த நேரத்துக்கு வைத்தோம். அங்கே காலபைரவரை முதலில் கும்பிட்டு, அப்புறம் ஹரிஹரேஷ்வரரைக் கும்பிட்டு, மறுபடி காலபைரவரிடம் வர வேண்டும் என்பது முறை. அதற்கு மேல் பிரதட்சிணை வழி ஒன்று உண்டு. பாறைப் பிளவு வழியாகப் படி இறங்கினால் குன்றின் கடல் பக்கம் வரும். அலை அரித்து அரித்துத் தேன்கூடு மாதிரி பொந்து விழுந்த கருங்கல் தளத்தில் குன்றைச் சுற்றி வர வேண்டும். வற்றத்தில் மட்டுமே நடக்கலாம். ஏற்றத்தில் போய் அலையில் இழுக்கப்பட்டு உயிர் விட்டவர்கள் உண்டு, எச்சரிக்கைப் பலகையும் இருக்கிறது. நாங்கள் பதினோரு மணிக்கு இறங்கி பன்னிரண்டுக்குள் ஏறிவிட்டோம். தளத்தில் ஒரு குழியில் தேங்கிய நீரில் விரல் நீள மீன்கள் நாலைந்து சுற்றிக்கொண்டிருந்தன. பையன் அங்கேயே குந்திவிட்டான். அவனைக் கிளப்பத்தான் நேரமானது.

பாக்மண்டலாவில் சாவித்ரி ஆற்றைக் கடந்து வேளாஸ் போய்ச் சேர்ந்தோம். இங்கே ஹோட்டல் கிடையாது, ஊர் வீடுகளில்தான் தங்க வேண்டும். சாப்பாட்டுக்கு முதல் நாளே போன் செய்து சொல்லிவிட வேண்டும். பணம் கையில் நோட்டாக இருக்கட்டும், சிக்னல் வந்து வந்து போகும். ராத்திரி சோறு, குழம்பு, தேங்காய்ப்பாலும் கோகம் புளியும் கலந்த சோல்கடி. காலையில் கரைத்து ஊற்றும் அரிசி தோசை, அதற்கு அங்கே காவன் என்று பேர். பையனுக்கு அது வீட்டுத் தோசைதான்.

வேளாஸுக்குப் போனது ஆமைக்காக. நம் பக்கம் பங்குனி ஆமை என்போமே, அதேதான். சிப்ளூணைச் சேர்ந்த சஹ்யாத்ரி நிசர்க மித்ரா என்ற அமைப்பு 2002-இல் இந்தக் கரையில் ஆமை முட்டைகளைக் காக்கத் தொடங்கியது. இன்றைக்கு ஊரே அதை நடத்துகிறது. முட்டைகளைத் தோண்டி எடுத்து வேலி போட்ட இடத்தில் புதைத்துக் கூடை கவிழ்த்து வைக்கிறார்கள். பொரிய ஐம்பது நாள் அளவில் ஆகும். விடிகாலையிலும் மாலையிலும் கூடையைத் தூக்கிப் பார்ப்பார்கள். ஒன்றுமே இல்லாத நாளும் உண்டு. எங்களுக்கு வெள்ளி காலையில் மூன்று குஞ்சு கிடைத்தன. உள்ளங்கையில் பாதிகூட இல்லை, கரிக்கட்டி நிறம். கயிறு கட்டிய எல்லைக்கு வெளியே நாங்கள் நிற்க, ஈர மணலில் விட்டார்கள். ஒன்று நேராகப் போனது. ஒன்று நின்று நின்று போனது. மூன்றாவதை அலை இரண்டு தடவை திருப்பித் தள்ளியது. மூன்றாவது தடவை அலை வடிந்தபோது அங்கே அது இல்லை. அம்மா சின்ன வயதில் வலையில் சிக்கிய ஆமையைப் பார்த்திருக்கிறார். குஞ்சு கடலுக்குப் போவதைப் பார்த்தது இதுதான் முதல் தடவை.

அன்றைக்குத்தான் நான் தப்புச் செய்தேன்.

கேள்ஷி, ஆஞ்சர்லே தாண்டி கர்தேயில் அறை எடுத்திருந்தோம். மூன்று மணிக்கு அம்மாவால் மணலில் அவ்வளவு தூரம் நடக்க முடியாது என்று நினைத்து, காரையே கரையில் இறக்கினேன். மணல் கெட்டியாக இருந்தது. ஏற்கெனவே இரண்டு கார் ஓடிய தடமும் இருந்தது. நிறுத்திவிட்டு இருபது நிமிஷம் கடலில் நின்றோம். திரும்பி வந்து கிளப்பினால் முன் சக்கரம் சுற்றியது, வண்டி நகரவில்லை. நான் ஆக்ஸிலேட்டரை இன்னும் அழுத்தினேன். அதுதான் பெரிய தப்பு. நாலைந்து சுற்றில் சக்கரம் பாதி புதைந்து, வண்டியின் அடிவயிறு மணலில் உட்கார்ந்துவிட்டது. அம்மா விரலை மடக்கி எண்ணிவிட்டு, "இன்னிக்கு அட்டமில்லா? எட்டுக்கு ஆறு. ஆறு மணி வரைக்கும் தண்ணி ஏறும்யா" என்றார். மணி மூன்றரை. கோயிலுக்குக் கணக்குப் பார்த்த நான் இதற்குப் பார்க்கவில்லை.

வலை உலர்த்திக்கொண்டிருந்த மூன்று பேர் தாங்களாகவே வந்தார்கள். ஒருவர் முதலில் சொன்னது: "தாதா (அண்ணா), இன்ஜினை நிறுத்துங்கள்." படகு இழுக்கும் டிராக்டருக்குப் போன் போட்டார்கள். அது வருவதற்குள் சக்கரத்துக்கு முன்னும் பின்னும் தட்டால் மணலை வாரி எடுத்து, அடியில் தென்னை மட்டையைச் செருகினார்கள். டயரில் காற்றைப் பாதிக்கு இறக்கச் சொன்னார்கள். காற்று குறைந்தால் டயர் பரந்து உட்காரும், மணலை அவ்வளவு தோண்டாது. அப்புறம் கயிறு கட்டக் கொக்கி எங்கே என்று கேட்டார்கள். எனக்குத் தெரியவில்லை. பத்து வருஷமாக ஓட்டும் வண்டி. டிக்கியில் ஸ்டெப்னிக்குப் பக்கத்தில் ஜாக்கியோடு ஒரு இரும்பு வளையம் இருக்கும். பம்பரில் இருக்கும் சின்ன மூடியைத் திறந்து அதைத் திருகிப் பொருத்த வேண்டும். மனைவிதான் வண்டிப் புத்தகத்தைப் பார்த்துக் கண்டுபிடித்தாள். அந்தத் தேடலில் பத்து நிமிஷம் போயிற்று. பின் டயரை முதல் அலை தொட்டுவிட்டுப் போனது. டிராக்டர் வந்து, வந்த தடத்திலேயே மெதுவாக மேலே இழுத்தபோது மணி நாலரை.

அட்டமி, நவமியில் கடலுக்கு அவ்வளவு வேகம் இல்லை. அமாவாசையாக இருந்திருந்தால் இந்தக் கதை வேறு மாதிரி முடிந்திருக்கும். அவர்கள் டீசலுக்கு மட்டும் பணம் வாங்கினார்கள். தண்ணீர்க் குழாய் இருக்கும் இடத்தைக் காட்டி, வண்டியின் அடிப்பகுதியை இன்றைக்கே நல்ல தண்ணீரில் கழுவிவிடுங்கள், உப்பு தின்றுவிடும் என்றும் சொல்லி அனுப்பினார்கள். காரைக் கரையில் இறக்கக் கூடாது என்று பல இடங்களில் பலகையே இருக்கிறது. யார் தடம் இருந்தாலும் இறக்காதீர்கள். வயதானவர்களை ஈர மணல் ஓரம் வரை கைப்பிடித்துக் கூட்டிப் போகலாம். அம்மாவும் அதைத்தான் சொன்னார், "நான் நடந்திருப்பேன்யா" என்று.

எனக்கு அறைக்குப் போய்ப் படுத்தால் போதும் என்றிருந்தது. அம்மா விடவில்லை, ஹர்ணை மீன் ஏலத்தைப் பார்த்தே ஆக வேண்டும் என்றார். கர்தேயிலிருந்து கிட்டத்தான். நல்ல வேளை போனோம். எதிரே கடலுக்குள் சுவர்ணதுர்க் கோட்டை. படகுகள் கரைக்குச் சற்றுத் தள்ளி நிற்க, கூடை கூடையாக மீன் மணலில் வந்து விழுகிறது. ஒவ்வொரு குவியலையும் சுற்றி ஒரு கும்பல், நடுவில் ஒருவர் விலை ஏற்றிக்கொண்டே போகிறார். பாதிக்கு மேல் பெண்கள். புடவையை இழுத்துச் செருகி, முழங்கால் வரை சகதியில் நின்று ஏலம் கேட்கிறார்கள். அம்மா ஒவ்வொரு குவியலாகப் பேர் சொல்லிக்கொண்டே நடந்தார். சுர்மை நம்ம சீலா. பாப்லெட் வாவல். பாங்டா அயிலை. ஒரு பாட்டி அம்மாவை நிறுத்தி, எந்த ஊர் என்று கேட்டார். அம்மா செம்பூர் என்று சொல்லவில்லை. "திருச்செந்தூர்" என்றார். இரண்டு பேரும் சீலாவின் செவுளைத் தூக்கிப் பார்த்துக்கொண்டு ரொம்ப நேரம் பேசினார்கள். இவர் தமிழ் கலந்த மராத்தி, அவர் அந்தப் பக்கத்து மராத்தி. பேச்சு நிற்கவே இல்லை. வாங்கிய மீனைத் தங்கிய வீட்டில் கொடுத்தால் சமைத்துத் தருவார்கள், முன்கூட்டிக் கேட்டுக்கொள்ளுங்கள்.

சனிக்கிழமை தாபோலில் வாசிஷ்டி ஆற்றை ஃபெரியில் கடந்தோம். அக்கரையில் எங்கு பார்த்தாலும் செம்புரைக்கல். வீட்டுச் சுவரும் தோட்ட வேலியும் அறுத்தெடுத்த சிவப்புக் கல்தான். "நம்ம தேரி மண்ணு கல்லாப் போன மாதிரி இருக்கு" என்றார் அம்மா. தேரி என்றால் அவர் ஊர்ப் பக்கத்துச் செம்மணல் மேடு. மாந்தோப்பெல்லாம் பூ. குஹாகர் தாண்டி ஹேத்வியில் பாமண்கள் என்று ஒரு பாறைப் பிளவு இருக்கிறது. ஏற்றத்தில் அலை அதற்குள் புகுந்து மேலே பீறிட்டு எழும். நாங்கள் போனது பன்னிரண்டரைக்கு. நவமி, ஏற்றம் ஆறே முக்கால், ஆக நடுப்பகல் சரியான வற்றம். காய்ந்த பிளவையும் அடியில் சலசலக்கும் கொஞ்சம் தண்ணீரையும் பார்த்துவிட்டுக் கிளம்பினோம். தவ்சாலில் கடைசி ஃபெரி. மாலை கணபதிபுளே. பிள்ளையார் மேற்கே கடலைப் பார்த்து இருக்கிறார். குன்றே சாமி என்பதால் குன்றைச் சுற்றித்தான் வலம் வர வேண்டும், ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர்.

இந்தக் கரையில் மணிக்கு முப்பது கிலோமீட்டர் ஓட்டினாலே நல்ல வேகம். ஒவ்வொரு கழிமுகத்துக்கும் இறங்கி, மறுபடி மேட்டுக்கு ஏறி, மறுபடி இறங்கி. ஒரு நாளுக்கு 120 கிலோமீட்டருக்கு மேல் திட்டம் போடாதீர்கள். பாதித் தொட்டி காலியானால் பெட்ரோல் போட்டுவிடுங்கள். கடைசி ஃபெரி எப்போது என்பதைக் காலையிலேயே கேட்டு வையுங்கள். மழைக்காலத்தில் ஜஞ்சிராப் படகு கிடையாது. கழிமுகங்களுக்குப் பாலம் கட்டும் திட்டம் நடக்கிறது. வந்து போகும் நமக்கு ஃபெரி அழகு. ஆனால் ராத்திரியில் பிரசவ வலி எடுத்த பெண்ணை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டிய வீட்டுக்காரருக்குப் பாலம்தான் வேண்டும். அது சீக்கிரம் வரட்டும் என்றே நினைக்கிறேன்.

ஞாயிறு திரும்பும்போது சங்கமேஷ்வர், சிப்ளூண் வழியாகக் கும்பார்லி காட் என்ற மலைப்பாதையில் ஏறினோம். மலை வழியில் ஏறும் வண்டிக்கு இறங்கும் வண்டி வழிவிட வேண்டும். வளைவுக்கு முன்னால் ஹார்ன் அடியுங்கள். இறங்குபவர்கள் ஏறும்போது எந்த கியரோ அதே கியரில் இறங்குங்கள். பிரேக்கை மிதித்துக்கொண்டே இறங்கினால் கருகும் வாடை வந்த பிறகுதான் தெரியும். பையனுக்கு மலையில் வாந்தி வரும் என்று முன் சீட்டில் உட்கார வைத்து, தூரத்தைப் பார்க்கச் சொன்னோம். வரவில்லை.

காட் அடிவாரத்தில் போஃபளி. மேலே கொய்னா அணை, 103 மீட்டர் உயரம். 1967 டிசம்பர் 11 பூகம்பம் இங்கேதான். கொய்னா ஆறு இயல்பாகக் கிழக்கே ஓடிக் கிருஷ்ணாவில் சேர்ந்து வங்கக் கடலுக்குப் போகிறது. அணையில் தேங்கும் நீரில் ஒரு பங்கை மலைக்குள் சுரங்கம் வெட்டி மேற்கே இறக்கி, போஃபளியில் மின்சாரம் எடுத்து, வாசிஷ்டியில் விடுகிறார்கள். முந்தின நாள் தாபோலில் நாங்கள் கார் ஏற்றிக் கடந்த ஆறு அதுதான். இதை அம்மாவிடம் சொன்னபோது, "அப்ப நம்ம பக்கத்துக் கடலுக்கு வர வேண்டிய தண்ணில்லா இது" என்றார். காரை ஓரம் நிறுத்தினேன். ஏறி வந்த சாலை கீழே துண்டு துண்டாகத் தெரிந்தது. அதற்கப்பால் பனி மூட்டம், கடல் தெரியவில்லை.

அங்கிருந்து பாட்டண், சாதாரா, புனே, எக்ஸ்பிரஸ்வே. ராத்திரி ஒன்பதரைக்கு வீடு.

திங்கள் காலையில் அம்மா காலண்டரில் ஐந்து தாளைக் கிழித்துவிட்டு, பின்னால் புரட்டி ஐப்பசிக்குப் போனார். பௌர்ணமி விழும் நாளில் பேனாவால் ஒரு வட்டம் போட்டார். பதினைந்துக்குப் பதினொன்றேகால். ஹேத்வியில் பதினோரு மணிக்கு நிற்க வேண்டுமாம், பாறைக்குப் பக்கத்தில் போகாமல், மேட்டிலிருந்து.